உமது பக்கத்துக் கொடி

இன்று காலை பூங்காவில் இந்த வருடத்தின் முதற் புல்லை வெட்டினார்கள். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த யன்னலை அப்போதுதான் திறந்திருந்தேன். வெட்டிய புல்லின் மணமும் இயந்திரத்தின் பெற்றோல் மணமும் சேர்ந்து மூன்றாம் மாடிவரை ஏறி வந்தன. கீழே முதலாம் மாடியில் உமது யன்னல் திறக்கும், நீர் தலையை வெளியே நீட்டி, "மணக்குதே? இந்த முறை எத்தினை கோல் வாங்கப் போறியள்?" என்று கேட்பீர் என்று காத்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உம்மைப் பனிக்குள் அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

நாங்கள் இருவரும் சண்டை பிடித்தது நாங்கள் படிக்காத கல்லூரிகளுக்காக. இதைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாங்கள் இருவரும் பெண்கள், அவை இரண்டும் யாழ்ப்பாணத்து ஆண்கள் கல்லூரிகள், உதைபந்தாட்டத்தில் பரம வைரிகள். என் மூன்று அண்ணன்மாரும் சிவப்பு ஜேர்சி போட்டு விளையாடியவர்கள். அந்த ஜேர்சிகளைத் தோய்த்துக் காயப்போட்டவள் நான். உமக்கு இருந்தது ஒரே தம்பி. மன்னாரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்து, பச்சை ஜேர்சியோடு கோல் காத்தவன். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மைதானக் கோட்டடியில் நின்று பச்சைக்காக நீர் தொண்டை கிழியக் கத்தியது யாரை நினைத்து என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் இந்த மடலில் எழுத வேண்டும்.

நீர் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த வருடம்தான் முதல் ஆட்டம். இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து கோடையில் ஒரு சனிக்கிழமை பார்க் எக்ஸ்ரென்சன் பூங்காவில் பந்தடி வைத்தன. பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை, படித்தால்தானே பழைய மாணவர். மற்றப் பெண்கள் மரநிழலில் ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருக்க, நானும் நீரும் மட்டும் கோட்டருகே நின்று ஆளையாள் முறைத்துக்கொண்டோம். அன்று நாங்கள் மூன்று கோலால் தோற்றோம். நான் வீட்டுக்கு வந்து கோபத்தைச் சட்டி பானைகளில் காட்டிவிட்டு, சமைக்காமல் படுத்துவிட்டேன்.

ஆறு மணியளவில் கதவு தட்டப்பட்டது. கையில் சட்டியோடு நீர்.

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். தோத்த வீட்டிலை அண்டைக்கு அடுப்பு மூட்டக் கூடாது."

"எங்கடை வீடென்ன செத்த வீடே?" என்று கேட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். இவரும் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். வயிறுகள் மட்டும் சத்தமாகப் பேசின. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் நீர் போகவேயில்லை. மடியில் சட்டியை வைத்துக்கொண்டு படியில் இருந்தீர். சிரிக்கவும் இல்லை.

"சாப்பிட்டிட்டுக் கோவியும்," என்றீர்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது. நான் சந்தையில் நல்லது கெட்டது பார்த்து மரக்கறி தெரிகிறவள், முதலாளியிடம் நாளுக்கு இரண்டு தடவையாவது கோபம் வரும். நல்ல காலம், ஜான்-டலோன் சந்தையில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

அது எங்களுக்குள் ஒரு சட்டமாகிவிட்டது. தோற்ற வீட்டுக்கு வென்றவள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும், தின்று முடியும்வரை ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எனக்குச் சனிக்கிழமை விரதம் என்று அறிந்ததும், மீனும் இறைச்சியும் ஒருநாளும் படாத தனிச் சட்டி ஒன்றை வாங்கி உயரத்தில் ஏற்றி வைத்தீர். மாதாவைக் கும்பிடும் வேதக்காரியான உமது குசினியில் என் விரதத்துக்கென ஒரு சட்டி இருந்தது. என் சொந்த மச்சாள் வீட்டில்கூட அப்படி ஒன்று இல்லை.

பிறகு நான்காம் வருடம் வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. உயர வந்த பந்தை எங்கள் பெடியன் ஒருவன் கையால் தட்டி விழுத்திக் காலால் அடித்தான். கோல். நடுவருக்கு ஆட்கள் மறைத்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் மறைக்கவில்லை, ஆறடி தூரத்தில் நின்றோம். உங்கள் ஆட்கள் நடுவரைச் சுற்றி நின்று கத்த, நீர் மட்டும் என் பக்கம் திரும்பினீர்.

"நீர் கண்டனீர்தானே? சொல்லும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் சங்கத்தின் செயலாளரான என் கணவரும் பார்த்தார். மூன்று வருடமாக நாங்கள் உங்களை வென்றதில்லை என்று எங்கள் ஆட்கள் புலம்பித் திரிந்த காலம். வாய்வரை வந்த உண்மையை விழுங்கிவிட்டு நான் உரக்கச் சொன்னேன்: "மன்னாரிலையிருந்து வந்த உமக்கு யாழ்ப்பாணத்துப் பந்தடியிலை என்ன கதை?"

சொல்லி முடிக்கமுன்னமே அது எவ்வளவு கேடுகெட்ட பேச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உமது தம்பி என் கண்முன்னால் வந்து நின்றான், நான் ஒருநாளும் காணாத பிள்ளை. நீர் குனிந்து கதிரையை மடித்துக்கொண்டு நடந்தீர். எங்களுக்குப் பின்னால் பெடியன்கள் ஒருவரையொருவர் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரமே இரண்டு சங்கங்களும் தீர்மானம் எடுத்துவிட்டன. இனி ஆட்டம் இல்லை, அந்த ஆட்களின் வீடு வாசலுக்குப் போக்குவரத்தும் இல்லை. நான் சட்டம் தவறாமல் சமைத்துத்தான் வைத்தேன். இவர் சட்டியைப் பார்த்துவிட்டு, "என்ரை பேரைக் கெடுக்காதையும், பேசாமல் இரும்," என்றார். அவரைச் சாட்டுச் சொல்லி நான் தப்பக் கூடாது. அவர் தடுத்திருக்காவிட்டாலும் நான் வந்திருக்க மாட்டேன். உமது முகத்தில் முழிக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது உமது கணவர் மூலைத் தெப்பனர் கடையில் பாண் வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். வழக்கம்போல மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் சொன்னார்: "அவ நேற்று அடுப்பு மூட்டேல்லை. நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவ."

அன்று சந்தைக்கு நான் போகவில்லை. திரும்பி மேலே ஏறிச் சட்டியைச் சூடாக்கி, இவர் பார்த்துக்கொண்டிருக்கவே தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். கதவைத் திறந்த நீர் சட்டியை வாங்கவில்லை.

"முதல் சொல்லும். கையிலை பட்டதோ, இல்லையோ?"

"பட்டது."

"மற்றக் கதை?"

"வாய் தவறிச் சொன்னனான் எண்டு சொல்ல மாட்டன். வேணுமெண்டுதான் சொன்னனான். மன்னியும்." அதற்குமேல் என்னால் முடியவில்லை, வாசலிலேயே நின்று அழுதேன்.

நீரும் அழுதீர். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டியை வாங்கினீர். "சாப்பிடுவம். ஆனா எனக்கு மட்டும் சொன்னது காணாது. உங்கடை ஆக்களுக்கு முன்னாலை சொல்லும்."

சொன்னேன். அடுத்த ஞாயிறு எங்கள் சங்கக் கூட்டத்தில், தேநீர் கொடுக்கப் போன நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "பந்து கையிலை பட்டது, நான் கண்டனான்," என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, நீங்கள் சங்கத்திலை அங்கத்தவர் இல்லை," என்றார். "காணுறதுக்கு அங்கத்துவம் தேவையில்லை, அண்ணை," என்றேன். இவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் குழம்பில் உப்புக் குறைவு என்றார். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீரும் சும்மா இருக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் போய், கைகலப்பில் முதல் அடி அடித்தது பச்சைப் பெடியன்தான் என்று பேர் சொல்லிக் காட்டிக்கொடுத்தீர். அதற்குப் பிறகுதான் உமக்கு அந்த யோசனை வந்தது. ஆட்டத்தை மறுபடி வைப்பது, இரண்டு பக்கக் கோட்டிலும் கொடியோடு நானும் நீரும் நிற்பது. ஆனால் நான் சிவப்பின் பிழைக்கு மட்டும் கொடி காட்ட வேண்டும், நீர் பச்சையின் பிழைக்கு மட்டும்.

"மற்றவையின்ரை பிழையை ஆரும் காட்டுவினம். எங்கடையை நாங்கள் காட்டுவம்," என்றீர்.

ஆண்கள் சிரித்தார்கள். விடவில்லை நீர். குழந்தைகள் காப்பகத்தில் சமைத்துச் சமைத்துப் பழகிய பிரெஞ்சோடு நீரே போய் மைதானத்தைப் பதிந்து, நூறு பேருக்குச் சமையலையும் தொடங்கிவிட்டீர். மைதானமும் சோறும் தயாராக இருக்கும்போது எந்தச் சங்கம் வராமல் இருக்கும்? எல்லோரும் வந்தார்கள். நாங்கள் நான்கு கோல் வாங்கினோம். உண்மை பேசியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. அன்று பின்னேரம் நீர் கொண்டுவந்த புட்டை நான் கோபத்தோடுதான் தின்றேன், நன்றாகவே தின்றேன்.

அதற்குப் பிந்திய வருடங்களில் ஒருதடவைகூட ஆட்டத்தில் அடிதடி வரவில்லை. திட்டு வந்தது, அதுவும் எங்களுக்குத்தான். உமது மருமகன் கடைசி நிமிடத்தில் அடித்த கோலுக்கு நீர் கொடி காட்டி அதை இல்லாமல் செய்தபோது, அவன் இரண்டு மாதம் உமது வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனக்கு எங்கள் ஆட்கள் வைத்த பட்டப் பெயரை இங்கே எழுத முடியாது.

போன கோடையில் உமக்கு உடம்பு வருத்தம் முற்றிவிட்டது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மடக்குக் கதிரையில் இருந்தீர். நிற்கத்தான் முடியவில்லை, கொடி மட்டும் நேரத்துக்கு உயர்ந்தது. பனிக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் இல்லாட்டி உங்கடை ஆக்கள் வெண்டிடுவினமெண்டு நினைக்காதையும்," என்றீர். நான் சிரித்தேன். வெளியே வந்து மெற்றோவுக்குள் இருந்து அழுதேன்.

இப்போது நடந்ததைக் கேளும். உமக்கு மரியாதையாக இந்த வருடம் ஆட்டம் வேண்டாம் என்று உங்கள் சங்கம் முடிவெடுத்துவிட்டது. கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடம் விட்டால் மறுவருடமும் விடுவார்கள், பிறகு பழைய கதைகளைக் கிளறி முறைத்துக்கொண்டு திரிவார்கள். அதற்கா நீர் அவ்வளவு பாடுபட்டீர்? முதலில் உமது கணவரிடம் கேட்டேன். "நடக்கட்டும் தங்கச்சி, அவவுக்கு அதுதான் விருப்பம்," என்றார். போன ஞாயிறு உங்கள் சங்கக் கூட்டத்துக்கு அழையாமலே போனேன்.

"மரியாதை எண்டா விளையாடுங்கோ," என்றேன்.

உங்கள் தலைவர் பேனையை மூடி வைத்தார். "விளையாடலாம். அவவின்ரை கொடியை ஆர் பிடிக்கிறது? சொந்த ஆக்களின்ரை பிழையைக் காட்ட எங்களிலை ஒருத்தருக்கும் மனம் வராது."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். உமது மருமகன்தான் எழும்பினான். "நீங்களே பிடியுங்கோ, மாமி."

"நான் சிவப்பு, தம்பி. அதோடை இதே கோட்டிலை நிண்டு ஒருக்கால் உண்மையை மறைச்சவள்."

"தெரியும் மாமி," என்றான். "அதாலைதான் கேக்கிறம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எங்கள் பக்கக் கொடியை அப்படியென்றால் யார் பிடிப்பது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். செயலாளர் சொந்தப் பக்கத்துக்கு எதிராகக் கொடி காட்டுவதா என்று முணுமுணுத்தார். பிறகு போய்ச் சப்பாத்துகளைத் தேடத் தொடங்கினார்.

மைதானம் பதிந்தாகிவிட்டது, இம்முறை என் பேரில். அந்த அலுவலகப் பெண்ணுக்கு முன்னால் என் பிரெஞ்சு திண்டாடியதைக் கண்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். சமையலுக்கு ஆள் பிடித்துவிட்டேன். யார் மறித்தாலும் ஆட்டம் நடக்கும். என்னைப் பச்சைக்கு மாறிவிட்டவள் என்று மட்டும் நினைக்காதையும், நாங்கள் வெல்ல வேண்டும் என்றுதான் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன். உமது பெடியன்கள் பிழை விட்டால் ஒரு கணமும் பிந்தாமல் கொடி காட்டுவேன். ஆனால் அவர்கள் நேர்மையாக ஒரு கோல் அடித்துவிட்டால், அது கையில் பட்டது, கொடியை உயர்த்து என்று என்னுடைய ஆட்கள் அத்தனை பேரும் கோட்டடிக்கு வந்து நின்று கத்துவார்கள். கத்தட்டும். உமது கொடி கீழேதான் இருக்கும்.