மாவு படாத கடிதம்

மட்சுயாமா
அக்டோபர் 4, 2010

என்னங்க,

பத்திரமாக அக்கா வீடு வந்து சேர்ந்தேன். போனில் உங்கள் குரல் கேட்டாலே சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்குள்ள டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் தினமும் முகம் கழுவிய சோப்பில் கோதுமைப் புரதம் இருந்ததாம். அது தோல் வழியாகவே உள்ளே போக, கோதுமையே எதிரி என்று உடம்பு முடிவு கட்டிவிட்டதாம். அதனால்தான் அன்று நம் கடை உடோன் நூடுல்ஸைச் சாப்பிட்டு எழுந்தவள் வாசலிலேயே மூச்சுத் திணறி விழுந்தேன்.

"அப்போ கோதுமை போட்ட க்ரீம் எல்லாமே விஷமா?" என்று அக்கா சண்டைக்குப் போனாள். "அப்படியில்லம்மா. நல்லாப் பொடிசா உடைச்சுச் சேர்த்தா தோலோட ஈரத்தைக் காக்கும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. இந்தச் சோப்புல பெரிய துண்டா விட்டுட்டாங்க. ஆனா உங்க தங்கச்சி இனி கோதுமைப் பக்கமே போகக்கூடாது" என்றார்.

சோப்பு வாங்கிய அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "கோதுமைதானே நமக்குச் சோறு போடுது, அதுவா கெடுக்கும்?" வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. ஆனாலும் என் கன்னம் மின்னியது நிஜம். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மிட்சுயோ


சகைதே
அக்டோபர் 13

அன்பு மிட்சு,

ஊரே உன்னைக் கேட்கிறது. "அண்ணி நறுக்குற வெங்காயத்தாள் இல்லாம இது என்னய்யா உடோன்?" என்று மீன்காரர் சாக்கிதா கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போனார். காலால் மாவு மிதித்துப் பிசையும்போது உன் பாட்டு இல்லை, கால் தாளம் தப்புகிறது.

கடைக்கு மேலே நாம் குடியிருந்த மாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். புதுப் பாய் போட்டாயிற்று. கடைக்குள் வராமல் ஏற, வெளியே தனிப் படி கட்டச் சொல்லியிருக்கிறேன். புத்தாண்டுக்கு வந்துவிடு. அதுவும் ஆகாதென்றால் கடையைப் பூட்டிவிடுகிறேன். அப்பா தொடங்கிய கடையாக இருந்தால் என்ன? நீ இல்லாமல் அது எதற்கு?

கன்னம் மின்னியது. பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை.

கென்சாகு


மட்சுயாமா
அக்டோபர் 24

என்னங்க,

பதறாமல் படியுங்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் கடை வாசனை வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு, பைத்தியக்காரி, தாளை முகத்தோடு அழுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு இழுத்தது. அக்கா ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள். பிறகு பார்த்தால் தாளின் மடிப்பில் வெள்ளையாக மாவு. வழக்கம்போல மாவு தேய்க்கும் பலகைமேல் வைத்துத்தானே எழுதினீர்கள்?

"உன் புருஷன் கடுதாசியிலகூட உன்னைக் கொல்லுறாருடி" என்று அக்கா அழுதாள். நன்றாகத் திட்டிவிட்டேன்.

தாளில் ஒட்டியதற்கே இந்தப் பாடென்றால் கடைக்கு மேலே மாடியில் எப்படிப் பிழைப்பேன்? கடையைப் பூட்டவும் வேண்டாம். மாவு மிதிக்காத உங்களை எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து நீங்கள் வாடிப்போவதைப் பார்க்க என்னால் ஆகாது. மனசு வெடிக்கிறது, ஆனாலும் நான் வரவில்லை.

கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மிட்சுயோ


தபால் நிலையம், சகைதே
நவம்பர் 8

மிட்சு,

இது என் கையெழுத்து இல்லையே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல, இங்கே வேலை செய்யும் நொமுரா எழுதுகிறாள். குளித்து, புதுச் சட்டை போட்டு, இங்கே வந்து உட்கார்ந்து முதலில் நானேதான் எழுதினேன். "அண்ணே, காதோரம் மாவு இருக்கு" என்றாள். எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

படி வேலையை நிறுத்தியாயிற்று. நீ சொன்னதற்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். வெங்காயத்தாளை நானே நறுக்குகிறேன், தடிமனாகத்தான் வருகிறது. இப்போது யாரும் குறை சொல்வதில்லை. அதுதான் தாங்கவில்லை.

இன்னும் நிறைய இருக்கிறது. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். உன்னிடமே சொல்லத் தெரியாதவன், இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்லி எழுதச் சொல்வேன்?

கீழே என் பெயரையும் அவளே எழுதுவாள். இந்தத் தாளை நான் தொடவே இல்லை. தைரியமாக முகத்தில் வைத்துக்கொள்.

கென்சாகு