ஆறாயிரம் கிலோமீட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கேம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று மட்டும் எழுதுகிறேன். நான் வேலைக்குப் போய் வருகிறேன். அச்சகத்தில் பாடப் புத்தகங்கள் குவிந்துகிடக்கின்றன. பிழை திருத்தும் மேசையில் உட்கார்ந்துவிட்டால் மாலைவரை வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனார்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. மொத்தமே மூன்று வரி. வண்டியை அந்த நாட்டிலேயே விற்கப் பேசியிருப்பதாகவும், துறைமுகத்தில் பழைய கிரேன் வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடைசி வரி: "நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் உங்கம்மாவைத் தனியா விட்டுட்டேன்." அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் தெரியாததைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

ஓய்வு பெற்ற கையோடு அந்த மோட்டார் ஹோமை வாங்கினீர்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அதைக் கப்பலில் ஏற்றிவிட்டு அடுத்த வாரமே நீங்களும் வருவதாக இருந்தது. பிறகு நீங்களும் அம்மாவும் இஷ்டப்பட்ட இடத்துக்கெல்லாம் போவதாக இருந்தது. நான்தான் சுங்க விதிகளை வாங்கி வந்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். வண்டி வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆறாயிரம் கிலோமீட்டரும் ஓடியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது இங்கே புது வண்டிதான். அங்கே வரி கட்டியிருந்தாலும் செல்லாது, விலையில் கால் பங்கை இங்கே மறுபடி கட்ட வேண்டும். இரண்டையும் தாண்டிவிட்டால், ஊர் திரும்புகிறவருக்குச் சல்லிக்காசு வரி இல்லை. "அவசரப்படாதீங்கப்பா, ஆறு மாசந்தானே" என்று சொன்னவள் நான். "என் பொண்ணு அடிக்குறிப்பைக்கூட விடமாட்டா" என்று நீங்கள் நண்பர்களிடம் சொன்னதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப்போனேன்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே நெடுஞ்சாலையில் போய், அதே பெட்ரோல் நிலையத்தில் திரும்பி வந்தீர்கள். மாலையில் தொலைபேசியில் மீட்டர் எண்ணைச் சொல்வீர்கள். அம்மா நாள்காட்டியில் குறித்துக்கொள்வாள். "என்னங்க, வீட்டுக்கு வர வழி மறந்துபோச்சா? சுத்திச் சுத்தி அங்கேயே நிக்கிறீங்க?" என்பாள். "கடிவாளம் உன் மக கையில இருக்கு, நான் என்ன பண்றது?" என்பீர்கள். நீங்கள் அளந்து சொன்ன அளவில் ஆறு ஜன்னலுக்கும் திரை தைத்தாள். ஒன்று மட்டும் ஒரு சாண் குட்டையாகிவிட்டது. பிரித்துத் தைக்கச் சொன்னேன். "இருக்கட்டும்டி, அந்த ஜன்னல் என்னோடது, வேடிக்கை பார்க்க வேண்டாமா?" என்றாள்.

இனி உங்களுக்குத் தெரியாதது.

நாலாவது மாதம் ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அடியே, அந்த வரியைக் கட்டிட்டே உங்கப்பாவை வரச் சொல்லிடேன். என் வளையல் இருக்கு, வித்துக்கலாம். நான் சொன்னா என்னமோ ஏதோன்னு பயந்துடுவார். நீ சொல்லு, நீ சொன்னாத்தான் கேப்பார்." ஏன் என்று நான் கேட்கவில்லை அப்பா. அதைத்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். எழுபது நாள் பொறுத்தால் இலவசமாக முடிகிற காரியத்துக்கு யாராவது வளையலை விற்பார்களா என்று சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து, "சொன்னியாடி?" என்று கேட்டாள். சொல்லியிருக்கவில்லை. சொன்னால் உடனே கிளம்பிவிடுவீர்கள், போட்ட திட்டமெல்லாம் வீணாகிவிடும் என்று நினைத்தேன். "சொல்லிட்டேம்மா. இத்தனை நாள் இருந்தாச்சு, முடிச்சிட்டே வரேன்னார்" என்று பொய் சொன்னேன். அப்புறம் அம்மா என்னிடமும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும்போல எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் அவள் சமையலறையில் விழுந்தபோது நீங்கள் நெடுஞ்சாலையில் இருந்தீர்கள். சேதி கிடைத்து, பாதி வழியில் திரும்பி, விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலு நாள் இருந்தீர்கள். "வண்டி அங்க நிக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். அந்த நாலு நாளில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கிடைத்தது. வாய் வரவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் சுங்க அலுவலகம் போயிருந்தேன். ஆறு மாதமும் தாண்டியிருந்தது. கப்பல் முகவர் அனுப்பிய சான்றில் மீட்டர் ஆறாயிரத்து நானூறு காட்டியது. கேட்டுக் குறிக்க ஆளில்லாத பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள். அதிகாரியம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "ஒரு குறையும் இல்லம்மா, வரியே கிடையாது. நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க" என்று மெச்சினார். பரவாயில்லை, நான் வரியைக் கட்டிவிடுகிறேனே என்றேன். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இல்லாத வரியை வாங்கி நான் எங்க வரவு வைக்கிறது? உங்கப்பாவை நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க, போதும்" என்றார்.

நீங்கள் அம்மாவைத் தனியாக விடவில்லை. கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே வந்திருப்பீர்கள். அவள் கூப்பிட்டாள், நான்தான் உங்களிடம் சேர்க்கவில்லை. நீங்கள் வர மறுத்ததாக நினைத்துக்கொண்டே போய்விட்டாள். இதை அவளிடம் திருத்திச் சொல்ல இனி வழியில்லை. உங்களிடமாவது சொல்லிவிட்டேன்.

வண்டியை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். அந்த வேலையில் மட்டும் சேராதீர்கள். செய்யாத தப்புக்கு அந்தக் கிரேன் கூண்டின் உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு வருடம் கழிக்காதீர்கள். இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காமல் போகலாம். பேச வேண்டாம் அப்பா. ஆனால் இங்கே வந்து பேசாமல் இருங்கள். கூடத்தில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுகிறேன். எத்தனை மாதமானாலும் சரி.

உங்கள் வரவை மட்டுமே வேண்டிக்கொள்ளும்,
மகள்