மல்லாட்டை ஓட்டு

அக்கா,

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெயின்டர் என் வீட்டுக்கு வந்தான். தலைமை ஆசிரியர் அறையில் தொங்குகிற பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதுகிறார்களாம். பள்ளிக் குழுவில் பெற்றோர் சார்பில் இருந்தவர்களின் பெயர்களும் வருஷங்களும் உள்ள பலகை. அதில் உங்கள் வரி உதிர்ந்து, பெயரின் கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. "இவங்க எத்தினி வாட்டி இருந்தாங்க பெரியவரே? உங்களைக் கேட்டா தெரியும்னு சார் சொன்னாரு" என்றான். இரண்டு முறை என்றேன். "தேர்தல்ல நின்னது எத்தினி வாட்டி?" என்று சும்மா கேட்டு வைத்தான். நாலு என்றேன். அவன் குறித்துக்கொண்டு போய்விட்டான். அவன் சட்டையிலிருந்து வந்த பெயின்ட் வாசனை மட்டும் வெகுநேரம் அறையில் நின்றது. அந்த நாலில் இரண்டு முறை உங்களை எதிர்த்து நின்றவன் நான். எனக்கு எப்படி மறக்கும்?

மலை சுற்றும் பாதையில் உங்கள் மல்லாட்டைக் களம் இருந்தது. வேறு ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள், நமக்கு அது மல்லாட்டைதான். இருபது பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நின்று நீங்கள் அவர்களை அதட்டுவது எதிர்வரிசையில் என் தகரக் கடைவரை கேட்கும். நான் வாளியும் புனலும் அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். நம் பள்ளியில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் போனார்கள், பெண்கள் நின்றார்கள். உங்கள் பெரிய மகளும் அப்படி நின்றவள்தான். "இங்கேயே ஆறாவது இருந்திருந்தா எம் பொண்ணு நின்னிருப்பாளா?" இந்த ஒரு வரிதான் முதல் இரண்டு தேர்தலுக்கும் உங்கள் பிரசங்கம்.

எழுபதுகளின் நடுவில் நீங்கள் நின்ற அந்த முதல் தேர்தலில்தான் தாய்மார்களுக்கும் ஓட்டு வந்தது. அதற்கு முன்பு வீட்டுக்கு ஓர் ஓட்டு, அதை அப்பன் போடுவான். "பெத்தவ நானு, ஓட்டு அவருக்கா?" என்று நீங்கள் பள்ளிக் குழுவில் போய்ச் சண்டை பிடித்து வாங்கியது அது. பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்கே கையெழுத்துக்கு மேல் தெரியாது. அதனால் சீட்டு வேண்டாம், நிற்கிற ஆளுக்கொரு பெட்டி வைக்கலாம், ஓட்டுக்கு ஒரு மல்லாட்டை போடலாம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார். மல்லாட்டை உங்கள் களத்திலிருந்து, பெட்டி என் கடையிலிருந்து. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. என் பெட்டியில் வாளிப் படம், உங்கள் பெட்டியில் முறம். உள்ளே யாரும் கைவிடக் கூடாது என்று மூடியில் நீளமான புனல் வைத்துப் பற்றவைத்தேன். வேலை அத்தனை சுத்தம். எனக்கே என் மேல் திருஷ்டி பட்டிருக்கும்.

ஒரு வகுப்பறையில் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி, பின்னால் பெட்டிகளை வைத்தார்கள். ஆண்கள் எல்லாம் வராண்டாவில். ஒரு தாத்தா பேரனுக்காக ஓட்டுப் போட வந்தவர், வரிசையில் நிற்கும்போதே தன் ஓட்டை உரித்துத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. என் பெட்டி புதுத் தகடு. உங்கள் பெட்டிக்குத் தகடு போதாமல் பழைய எண்ணெய் டின்னை வெட்டிச் செய்திருந்தேன். புனலில் மல்லாட்டை உருண்டு விழும்போது என்னுடையது 'டங்' என்றது, உங்களுடையது 'சொத்' என்றது. நாலாவது ஓட்டுக்குள் வராண்டாவில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் அது புரிந்துவிட்டது. பெண்டாட்டி உள்ளே போனதும் ஒவ்வொருவனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். உள்ளே போன பெண்களுக்கும் அது தெரியும். டங், டங், டங். பதினொரு ஓட்டில் நான் ஜெயித்தேன். எனக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். சண்டைக்கு வருகிறீர்கள் என்று நினைத்துச் சுத்தியலைக் கீழே வைத்தேன். "பாய், உங்க பெட்டி பேசுது" என்றீர்கள். உங்கள் களத்துப் பெண் ஒருத்தி கன்னம் வீங்கி வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் போட்டது 'சொத்' என்று விழுந்ததாம்.

"நான் வேணும்னு பண்ணலைக்கா" என்றேன்.

"பண்ணலை. ஆனா நாலாவது ஓட்டுலயே உங்களுக்குத் தெரிஞ்சுது. தகரம் அடிக்கறவருக்குத் தெரியாம எனக்கா தெரியும்? சும்மா இருந்துட்டீங்க."

உண்மைதான். சும்மா இருந்துவிட்டேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மூன்று வருஷம் நான் உறுப்பினராகக் கிழித்தது என்ன? ஒரு தண்ணீர்க் குழாய், பாதிச் சுற்றுச்சுவர். ஆறாவது வகுப்புக்காக ஒருமுறை கல்வி அலுவலகத்துக்குப் போனேன். "பாக்கலாம்" என்றார்கள். சலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதையும் வந்து உங்களிடம்தான் சொன்னேன். "பாக்கலாம்னா எப்பன்னு கேட்டீங்களா?" என்றீர்கள். கேட்கவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. எங்கள் தெருக்காரர்கள் என்னை விடவில்லை. "ஜெயிச்ச சீட்டை எவனாவது விடுவானா?" என்றார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் மறுபடியும் வந்து, இரண்டு கோணிகளைக் கடை வாசலில் போட்டீர்கள். "ஊமையாக்குங்க பாய்." இரண்டு பெட்டியையும் ஒரே தகட்டில் புதிதாகச் செய்தேன். அடியில் வைக்கோல், பக்கமெல்லாம் கோணி, புனலுக்குள் பஞ்சு வைத்துத் துணி. சோதித்துப் பார்க்க உங்களைக் கடைக்கு வெளியே, முதுகைக் காட்டி நிற்க வைத்தேன்.

"போடுங்க பாய், நிக்கறேன்."

"போட்டாச்சுக்கா."

"எப்போ?" என்று நீங்கள் திரும்பிப் பார்த்த முகம் இருக்கிறதே! தேர்தலில் ஜெயித்தபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. என் சிநேகிதர்கள் மட்டும், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான் என்றார்கள்.

அன்றைக்கு வராண்டாவைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒருவன் சுவரில் காதை வைத்தான். ஒருவன் எல்லோரையும் பேசாதே என்று அதட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் உள்ளே போய், நிதானமாக நின்று, வெளியே வந்தார்கள். ஒருத்தி தன் புருஷனைப் பார்த்துச் சிரித்தபடியே வீட்டுக்குப் போனாள். மாலையில் தலைமை ஆசிரியர் மல்லாட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார். சந்தேகம் தீராமல் மூன்று முறை எண்ணினார். ஒரே ஒரு ஓட்டில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஊருக்குள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். பாய் வீட்டம்மாதான் மாற்றிப் போட்டிருக்கிறாள், பெட்டி பேசியிருந்தால் தைரியம் வந்திருக்குமா என்றார்கள். நீங்களும் அப்படியே நம்பினீர்கள். அந்தத் தை மாதம் ஒரு மரக்கால் மல்லாட்டையோடு வந்து, என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணும் சொல்ல வாணாம்மா, எனக்குத் தெரியும்" என்றீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட நீங்கள் தவறவில்லை.

ஜெயித்த மறு மாதமே கல்வி அலுவலகத்துக்குப் போனீர்கள். படிப்பை நிறுத்திய பெண்களின் பெயர்களை என் மகள் நூரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். அப்போது அவள் நாலாவது படித்தாள். உங்களுக்கும் "பாக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தீர்கள். மூன்றாம் நாள் களத்துப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தீர்கள். ஆபீஸ் முழுக்கத் தோல். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நூரு ஐந்தாவது முடித்தபோது, மலையைப் பார்த்த அந்தக் கடைசி அறையில் ஆறாவது திறந்தது. பதினான்கு பெண்கள். அவளும் அதில் ஒருத்தி. இன்று டவுனில் பெரிய நர்ஸ், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாள்.

மூன்றாம் முறை உங்களை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நாலாம் முறை, எண்பதுகளின் நடுவில், ஒரு பஸ் கண்டக்டர் தம்பியிடம் தோற்றீர்கள். அதற்குள் எட்டாவது வரை வந்திருந்தது. "தோத்தா என்ன, எம் பேத்தி இங்கதான ஏழாவது படிக்கறா" என்று சொல்லி, அவனுக்கு முதல் மாலையை நீங்களே போட்டீர்கள். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவீர்கள். "ஒரே ஒரு ஓட்டு பாய்!" கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அந்த விரல் எழுந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்கள் அத்தனை சந்தோஷமாகச் சிரித்ததால் எனக்கு மனசு வரவில்லை.

இனி சொன்னால் குற்றமில்லை. என் வீட்டுக்காரி உங்களுக்குப் போடவே இல்லை அக்கா. வாளிப் படத்துக்குத்தான் போட்டாள், நூரு மேல் ஆணையாக. ஊரார் பேச்சு கேட்டு அவள் அழுதபோது அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தாள். பிறகு, "அவங்க கொடுக்கற மல்லாட்டையை நான்தான் வாங்குவேன், நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

அன்று திரைக்குப் பின்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். ஆபீசில் "பாக்கலாம்" என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன், நீங்கள் வரமாட்டீர்கள். என் மகள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை முறத்தின் புனலில் போட்டேன். எனக்கே கேட்கவில்லை.