பாதி டேங்க்

பாயை உதறியபோது வந்தது. பெட்ரோல் வாசனை. இரண்டு வருடமாகிறது. எத்தனையோ முறை வெயிலில் காயப்போட்டாயிற்று, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாயிற்று. கோரைக்குள் எங்கோ ஒளிந்திருந்து, விரிக்கும்போது மட்டும் வெளியே வருகிறது. கூடவே நீயும் வந்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளைக் காலை கிளம்புகிறோம். நானும் உன் அம்மாவும். நீ போகாமல் விட்ட கல்வராயன் மலைக்கு.

வேன் தருமபுரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் என் மடக்கு சைக்கிள். மறுபக்கம் உன் மொபெட். படுக்கைப் பலகைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடத்தில் ஒன்றுதான் நிற்கும். மதியத்திலிருந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு இவ்வளவு நேரம் ஆகக் கூடாது. எனக்கு ஆகும். உனக்குத் தெரியும்.

நாம் வாங்கியபோது அது ஒரு பள்ளிக்கூட வேன். மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தோம். மழையில் நனைந்தால் பள்ளியின் பெயர் இன்னமும் நிழலாகத் தெரிகிறது. இருக்கைகளைக் கழற்றினோம். பலகை அடித்தோம். உன் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தோம். குரும்பகரத்திலிருந்து என் அப்பா பார்க்க வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வீடு இருக்கறப்ப எதுக்கும்மா வேன்ல படுக்கணும்?"

"வீடு நகராதுங்களே" என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கூட ஒரு சின்ன வண்டி வேண்டும் என்பதில் நமக்குள் தகராறு இருந்ததில்லை. வேனை ஓரிடத்தில் நிறுத்தி, திரை கட்டி, அடுப்பு மூட்டி, துணி காயப்போட்ட பிறகு அது வண்டி இல்லை. "பால் வாங்கறதுக்கு வீட்டையேவா ஓட்டிக்கிட்டுப் போவ?" என்பாய். எந்த வண்டி என்பதில்தான் தகராறு.

நான் ஒரு நோட்டில் எழுதினேன். சைக்கிள்: பஞ்சர், வெயில், துரத்துகிற நாய். பேட்டரி ஸ்கூட்டர்: சார்ஜ் போட இடமில்லாமல் நடுவழியில் நிற்பது, தீப்பிடிப்பது. மொபெட்: எனக்கு ஓட்டத் தெரியாது. நாலு சக்கரம் ஓட்டுவேன். மிதித்தால் ஓடுகிற இரண்டு சக்கரமும் ஓட்டுவேன். தானாக ஓடுகிற இரண்டு சக்கரம் மட்டும் பயம். ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே, அதில் போனால் எப்படியெல்லாம் சாகலாம் என்று எழுதியிருந்தேன். நீ படித்தாய். நோட்டைச் சுருட்டி என் தலையில் தட்டினாய்.

"நீ வண்டி தேடலடி. தப்பிச்சு ஓட வழி தேடுற."

உண்மை. இரண்டு பெண்கள், தெரியாத ஊர், ஒரு வேன். மணலில் சிக்கிக்கொண்டால்? யாராவது கதவைத் தட்டினால்? உனக்கு ஏதாவது ஆனால்? சின்ன வண்டி என்றால் உனக்குப் பால், முட்டை, ஓடைக்கரை. எனக்கு ஆஸ்பத்திரி.

உன் மொபெட்தான் ஏறியது.

நம் ஊர் யூனியன் பிரதேசம். எல்லை தாண்டுகிற எந்த வண்டியும் டேங்க் நிரம்பாமல் தாண்டாது. அந்தப் பக்கம் தமிழ்நாடு, விலை கூட. கல்யாணத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போனாலும் எல்லைக்கு முந்தின பங்கில் ஒரு நிறுத்தம். யாரும் யோசிப்பதில்லை. கை தானாகத் திருப்பும்.

வேதாரண்யத்துக்குக் கிளம்பிய அந்த முதல் நாள் வேனுக்கு டீசல் நிரப்பினோம். பிறகு மொபெட்டையும் இறக்கி அதற்கும் பெட்ரோல் நிரப்பினோம். பங்கில் இருந்தவர் போதும் என்று குழாயை எடுத்துவிட்டார். நீ வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். "இன்னும் போவும்ணே. ஊத்துங்க." கழுத்து வரை ஊற்றினார். மறுபடி வேனுக்குள் ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, கதவைச் சாத்தினோம். மே மாத வெயில்.

சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். நம் நம்பர் பலகையைப் பார்த்தாலே அவர்களுக்கு ஒரு சந்தேகம்தான்.

"உள்ள என்னம்மா? சரக்கு பாட்டிலா?"

"இல்ல சார். மொபெட்டு."

"வேனுக்குள்ள எதுக்கு மொபெட்டு?"

"அதால ரொம்ப தூரம் ஓட முடியாது சார்" என்றாய்.

அவர் பின்கதவைத் திறந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். சூட்டில் பொங்கிய பெட்ரோல் மூடியின் துளை வழியாக வழிந்து, பலகையில் ஓடி, பாயில் ஊறியிருந்தது. "இது வேனாம்மா, வெடிகுண்டா? ஒரு பொறி போதும்" என்று கத்தினார். மொபெட்டை இறக்க வைத்தார். ஒருத்தி இதை ஓட்டுங்க, ஒருத்தி அதை ஓட்டுங்க என்று அனுப்பினார்.

நீ முன்னால் மொபெட்டில். நான் பின்னால் வேனில், எல்லாக் கதவும் திறந்தபடி. வேதாரண்யம் வரை உன் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு லாரியும் உன்னைத் தாண்டும்போது உன்னைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் நீ அந்தப் பக்கம் உயிரோடு வந்தாய். ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாய். ஹார்னை அடித்துத் திட்டினேன்.

அங்கே சவுக்குத் தோப்பில் எனக்கு மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாய். "பிரேக்குல வெரல் இருக்கட்டும். புடிக்காத. தேவைன்னா அது தானா புடிக்கும்." நான் பிடித்தேன். ஊசிச் சருகில் சறுக்கி விழுந்தேன். எழுந்து, அடுத்த தடவை சைக்கிள்தான் என்றேன். அடுத்த தடவை சைக்கிள்தான் போனது. பால் வாங்க நான் போனேன். பாதிப் பால் ஹேண்டிலில் ஆடி ஆடிக் கொட்டியது. மீதியில் நீ டீ போட்டாய்.

"டீக்கு இது போதும்டி. தயிர் தோய்க்க முழுப் பாலும் வேணும், அதுக்குத்தான் மொபெட்."

மூன்றாவது பயணம் கல்வராயன் மலை. அதற்கு எந்த வண்டி என்று முடிவாகவில்லை.

என் நோட்டில் காய்ச்சல் இல்லை. லாரி இருந்தது, நாய் இருந்தது, முன்பின் தெரியாதவர்கள் இருந்தார்கள். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில், மழைக்காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் இல்லை. ஆறாம் நாள் ஊர் ஆஸ்பத்திரியில், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், வேனிலேயே படுக்கை இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். உன்னை அந்தப் பாயில் படுக்க வைத்தோம். உன் அம்மா உன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

எல்லைக்கு முந்தின பங்கில் என் கை திருப்பியது.

டேங்கில் பாதி இருந்தது. தஞ்சாவூருக்குத் தாராளமாகப் போதும். முள்ளைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். முன்னால் ஒரு டிராக்டர், கேன் கேனாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதாவது வேனை வெளியே எடுத்திருக்கலாம். பின்னால் வேறு வண்டி வந்து நின்றுவிட்டது. நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"பங்க்கா?"

"ம்."

"ஃபுல் போட்டுக்கடி. அந்தப் பக்கம் வெல ஜாஸ்தி."

பத்து நிமிடம். நீ தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி.

நான்கு நாள் கழித்து எல்லாம் முடிந்தபின் டாக்டரிடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஒன்றும் மாறியிருக்காது என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் முறை கேட்டபோது என்னை உட்காரச் சொன்னார்.

உன் அம்மாவிடம் கேட்கவில்லை. அவர்கள் அன்று பின்னால் இருந்தார்கள். எல்லாம் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறேன், மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் வாசலில் காத்திருக்கிறேன். சொல்லாமல் இருப்பது பொறுத்துக்கொண்டதாலா, பொறுக்க முடியாததாலா? ஒவ்வொரு முறையும் சோற்றைப் பிசையும்போது இதுதான்.

போன மாதம் அவர்கள் கேட்டார்கள். "அவ சொல்லிக்கிட்டே இருந்தாளே, அந்த மலையில ஒரு ஓடை. அத ஒருதரம் பாத்துட்டு வந்துடணும் பாப்பா." வேன் அடிவாரத்தில் நின்றுவிடும், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மண் ரோடு, உங்களுக்கோ மூட்டுவலி என்றேன். நான் சைக்கிளில் போய்ப் படம் எடுத்து வந்து காட்டட்டுமா என்றும் கேட்டேன்.

"போட்டோ பாக்கவா நான் அம்மாந் தூரம் வரேன்?"

அதனால் மூன்று வாரமாகக் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை ரோட்டில் உன் மொபெட்டை ஓட்டுகிறேன். முதலில் தனியாக. பிறகு பின்னால் ஓர் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு. ஓர் ஆளின் பாரம் எப்படி இழுக்கும் என்று தெரியவேண்டும். மீன் காயவைக்கிற அக்கா ஒருவர் தினமும் பார்ப்பார்.

"ஏம்மா, தெனம் அரிசி மூட்டைக்கு ஊரச் சுத்திக் காட்டுறியே, அது என்ன சொல்லுது?"

"பயமா இருக்குதாங்க்கா."

"மூட்டைக்கா, ஒனக்கா?"

மூட்டை விழவில்லை. நான் இரண்டு முறை விழுந்தேன். மூட்டையை வைத்துத்தான் விழுந்தேன், ஆனால் மூட்டை வண்டியை விட்டுக் கழலவில்லை. கயிறு நல்ல கயிறு. உன் அம்மாவைக் கயிற்றால் கட்ட முடியாது.

சைக்கிள் என்றால் எனக்குப் பயமில்லை, அவர்களுக்கு ஓடையில்லை. மொபெட் என்றால் அவர்களுக்கு ஓடை, எனக்கு மூன்று கிலோமீட்டர்.

வெளிச்சம் குறைகிறது. மரவாடியில் வாங்கிய பலகையைச் சாய்த்து வைத்துவிட்டேன். முன்பு நாம் இருவரும் தூக்கி ஏற்றுவோம். இப்போது நான் தள்ள, உன் அம்மா வேனுக்குள் நின்று ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார்கள். மொபெட் ஏறிவிட்டது. டேங்கைத் திறந்து பார்த்தேன். பாதி இருக்கிறது. மூடிவிட்டேன்.

நாளை அதே ரோடு. அதே பங்க்.

*

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இது அடிவாரம். புளியமரத்தடியில் வேன் நிற்கிறது. உன் அம்மா பின்னால் படுத்திருக்கிறார்கள். நாங்கள் போய்விட்டு வந்தாயிற்று.

காலையில் எல்லை நெருங்கியது. பங்க் தெரிந்தது. வரிசையில் மூன்று வண்டி. கை திருப்பப் பார்த்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். தாண்டினேன்.

முன் இருக்கையில் பக்கத்தில் இருந்த உன் அம்மா திரும்பிப் பங்கைப் பார்த்தார்கள்.

"டீசல் போடலியா பாப்பா?"

"பாதி இருக்கும்மா."

"அன்னிக்கும் பாதி இருந்துச்சு."

வேனை ஓரம் கட்டினேன். ஓட்ட முடியவில்லை. அவர்கள் கையிலிருந்த ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்னாலேந்து முள்ளு தெரிஞ்சுது. பாதி இருக்கே, போடின்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல." மணியை ஒன்று நகர்த்தினார்கள். "நம்ம ஊர்க்காரி நானும். போறதுதான் போறோம், ரொப்பிக்கிட்டுப் போவட்டும்னு தோணிச்சு. எம் மவ தல எம் மடியில கெடக்கு, எனக்கு அப்படித் தோணிச்சு."

"அம்மா..."

"ஒன்னக் கேட்டா நீ என்னக் கேப்பியோன்னு இருந்தேன். எடு வண்டிய."

எடுத்தேன். விருத்தாசலத்தில் முள் கீழே இறங்கியபோது ஒரு பங்கில் நிறுத்தினேன். கூட விலைதான். உன் அம்மா இறங்கிக் காலை நீட்டிக்கொண்டு, குழாயைப் பார்த்தபடி சொன்னார்கள்.

"இங்கயும் டீசல் விக்கத்தான் செய்யிறான்."

அடிவாரத்தில் பலகையைப் போட்டு மொபெட்டை இறக்கினேன். ஒரு சொட்டும் வழிந்திருக்கவில்லை. அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்தார்கள். என் தோளில் ஒரு கை. அரிசி மூட்டைக்குக் கை கிடையாது. அந்தப் பாரத்தை நான் பழகியிருக்கவில்லை. முதல் கிலோமீட்டர் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி முனகியது. நடந்து வந்த இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"பாப்பா, இதுக்கு நான் நடந்தே வந்துருப்பேன்."

நீ பேசுவது போலவே இருந்தது. விரல்களைத் தளர்த்தினேன். எடுக்கவில்லை. பிரேக்கிலேயே இருந்தன. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வண்டி ஓடியது.

ஓடையில் தண்ணீர் குறைவு. அவர்கள் பாதம் மட்டும் நனைத்தார்கள். நானும்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். திரும்பிப் போகிற வழியில் எத்தனை லாரி வரும் என்று இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாதி உன் அம்மாவிடம் இருக்கிறது என்பது மட்டும் இன்று தெரிந்தது. மற்றபடி உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம், வாசனை போகாத ஒரு பாய். பிரேக்கின் மேல் இரண்டு விரல்.