பாறை ஓவியமும் என் ஈரத்துண்டும்

ஜூன் 8, சனி
பாலக்காட்டுக் காற்று. தூறல் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. நாளை என் குழுவோடு பாறை ஓவியம் பார்க்க. பதினாறு பேர், கிணத்துக்கடவில் காலை ஏழுக்கு. எடுத்துவைக்க: தக்காளி சாதம், டார்ச், தண்ணீர் கேன் 2 (குடிக்க ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று), துண்டு. கேஸ் புக் பண்ணவில்லை.

ஜூன் 9, ஞாயிறு
வந்தது இருபத்து மூன்று பேர். பாறையில் சாயாதே, கை வைக்காதே என்று வழக்கம்போல என் கறார். சூலூர் விசைத்தறிக்காரர் விரலை நீட்டியதற்கே எகிறிவிட்டேன். பாவம், நல்ல மனுஷர். பிறகு துண்டை நனைத்து ஓவியத்தை நானே துடைத்தேன். செங்காவி யானை பளிச்சென்று தெரிந்தது. கைதட்டல். பதினொரு வருடமாக இதுதான் என் வித்தை.
ஈரோட்டிலிருந்து வந்த மரகதம் மட்டும் தட்டவில்லை. பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் வேலையாம். இதே ஓவியத்தை முதல் வருடம் நான் எடுத்த படத்தைக் கேட்டாள். பெருமையாக அனுப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்
ஆபீஸில் வேலை ஓடவில்லை. மரகதம் இரண்டு படங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தாள். பழையதில் யானைமேல் ஓர் ஆள், கையில் கோல். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் யானை மட்டும். அப்படி ஓர் ஆள் இருந்ததே எனக்கு மறந்துவிட்டது.
போன் செய்தேன். மழை என்றேன், வௌவால் என்றேன்.
"மழை அங்க படாதுங்கக்கா. ஈரத்துல தொடைக்கத் தொடைக்கச் சாயம் துண்டோட வந்துருதுங்க."
ஒவ்வொரு முறையும் துண்டை அலசும்போது சிவப்பாகத்தான் போகும். செம்மண் என்று நினைத்தேன்.

ஜூன் 12, புதன்
தெரிஞ்சா செஞ்ச, உட்டுத்தள்ளு அம்மணி என்கிறார் வீட்டுக்காரர். எப்படி விடுவது?
வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டும். எழுதி எழுதி அழித்தேன். கை வைக்காதே என்று ஊரையே விரட்டியவள் நான்.

ஜூன் 14, வெள்ளி
இன்றும் சொல்லவில்லை. வெட்கம். கேஸ் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு
மதியம் குழுவில் ஒரு வீடியோ. சூலூர்க்காரர், மச்சான் குடும்பத்தோடு அதே பாறை முன்னால். கையில் ஈரத்துண்டு. கூடவே செய்தி: "யாரையும் கை வைக்க உடலைங்க மேடம். நீங்க பண்ற மாதிரியே நானே தொடச்சுக் காட்டிப்போட்டேனுங்க."
செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் இவர் போயிருக்க மாட்டார். ஐந்து நாள் என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உடனே எழுதினேன்: யாரும் துடைக்காதீர்கள், ஓவியம் அழிகிறது, யானைமேல் இருந்த ஆளை அழித்தது நான்தான்.
முதலில் கேட்டது சூலூர்க்காரர்தான்.
"அப்ப இன்னைக்கி நான் எதைங்க மேடம் அழிச்சேன்?"