துவக்குப் பட்டியில் நான் போட்ட முடிச்சு

என் குஞ்சு வதனிக்கு,

நீ போய் மூன்று வருடமாகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதாத அண்ணன் இன்றைக்கு எழுதுகிறான் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று நீயே கண்டுபிடித்திருப்பாய்.

நான் இப்போது மெல்பேர்னில், ட்ருகனினாவில், ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். தற்காலிக விசாதான். வேட்டைக்காரர்களுக்கு வேண்டிய சப்பாத்து, தொப்பி, கத்தி உறை, துவக்கைத் தோளில் மாட்டுகிற பட்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவனுக்குக் கிடைத்த வேலையைப் பார்த்தாயா?

போன சனிக்கிழமை, வருகிறவர்களுக்குச் சாமான் விற்கிற முன்மேசையில் நிற்கிறவர் வரவில்லை. என்னை நிறுத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரத் தகப்பனும் மகளும் வந்தார்கள். பண்ணையில் முயல் சுடப் பழகும் மகளுக்குப் பட்டி வேண்டுமாம். அவளுக்கும் உன் உயரம்தான், உன்னைப் போலவே ஒடுங்கின தோள்.

தகப்பன் எடுத்தது வெறும் பட்டி. நீளம் கூடினால் ஒரு முடிச்சுப் போட்டால் சரி என்றார். நான் அந்தப் பட்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

இயக்கக்காரர் உன்னைப் பிடித்துக்கொண்டுபோய்த் துவக்கைக் கொடுத்த பிறகு, காவலரணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை உன்னைப் பார்த்தேன். "அண்ணா, இது முழங்காலில இடிக்குது. ஓடேலாமல் கிடக்கு" என்றாய். உன்னைக் கூட்டிக்கொண்டு ஓடத் துணிவில்லாத நான், முடிச்சுப் போட்டுப் பட்டியைக் கட்டையாக்கிக் கொடுத்தேன். அப்பா தோணி கட்டுகிற முடிச்சு, நனைய நனைய இறுகுகிற முடிச்சு. இழுத்துப் பார்த்து, இனி அசையாது என்று பெருமை வேறு பேசினேன்.

தப்பிவரக் களப்புத் தண்ணீரைக் கடந்தபோது உன்னோடு வந்த பிள்ளையைப் பிறகு முகாமில் கண்டேன். கழுத்தளவு தண்ணீர் வந்ததும் எல்லாரும் துவக்கைக் கழற்றி எறிந்தார்களாம். நீ தலைக்கு மேலால் இழுத்தாயாம், வரவில்லையாம். முடிச்சைப் பல்லால் கடித்தாயாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் ஒரே கேள்விதான். "நீந்தத் தெரிஞ்ச பிள்ளை தம்பி, எப்பிடித் தண்ணிக்குள்ள தாண்டு போனவள்?" ஓடுகிற தோணியிலிருந்து குதித்துக் கரைக்கு நீந்தி வந்தவள் நீ, அவ கேட்காமல் என்ன செய்வா? எனக்குத் தெரியாதம்மா என்பேன்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வேறொரு பட்டியை நானே தேர்ந்தெடுத்தேன். துவக்கின் இரண்டு முனையிலும் மாட்டுகிற பட்டி. நடுவில் இருக்கிற இழுவை வாரைப் பிடித்தால் முதுகோடு இறுக்கலாம், தளர்த்தலாம். கொக்கியை அமத்தினால் முழுதாகவே கழன்றுவிடும். காட்சிக்கு வைத்திருந்த மரத் துவக்கில் மாட்டி, அவளுடைய தடித்த குளிர்ச்சட்டைக்கு மேலால் போடவைத்தேன். பிறகு என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் கைகளில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொன்னேன்.

முயல் சுடத் தண்ணீர் எதற்கு என்று தகப்பன் சிரித்தார். உங்கள் பண்ணையில் குளம் இல்லையா என்று கேட்டேன். என் அரைகுறை இங்கிலீசு அவர் காதில் எப்படி விழுந்ததோ, சிரிப்பு நின்றுவிட்டது. இருக்கிறது என்றார்.

முதல் தரம் அவளுக்குக் கழலவில்லை. கொக்கி தோளுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. நெஞ்சுப் பக்கம் இறக்கிக் கொடுத்தேன். அடுத்த தரம் ஒரே அமத்தல், துவக்கு நிலத்தில் கிடந்தது. அவள் தோளில் ஒன்றுமில்லாமல் நின்றாள்.

அவர்கள் போனதும் சாமான் தட்டுகளுக்குப் பின்னால் நின்று அழுதேன் வதனி. இவ்வளவு சுலபமாகவா கழலும்? நீ எவ்வளவு நேரம் கடித்தாய்?

மறுநாள் அம்மா கேட்டபோதும் தெரியாது என்றுதான் சொன்னேன். நான் அவ்வளவு கோழை.

நாளைக்கு மறுபடியும் ஞாயிறு. சொல்லப்போகிறேன். அவள் நீச்சலில் ஒரு பிழையும் இல்லையம்மா, நான்தான் கட்டிவிட்டனான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசாமலே விடலாம். விடட்டும். உன் மேல் சத்தியம், இந்த முறை தெரியாது என்று சொல்லமாட்டேன்.

இனி அசையாது என்று சொன்ன
உன் அண்ணன்