மாடுகள் இறங்கும் மாதம்

ஃபஹாஹீல்,
ஆகஸ்ட் 2006

அன்புள்ள அத்தான்,

பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். காய்ச்சல் விட்டுவிட்டது.

இங்குள்ள அரபி முதலாளி குடும்பத்துக்கு டிரைவராக நீங்கள் போயிருக்கும் சுவிஸ் மலை மாவட்டத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோடையில் மாடுகளை உச்சிப் புல்வெளிக்கு ஏற்றி, அங்கேயே சீஸ் செய்வார்களாம். குளிர்காலத்தில் பனியில் சறுக்க வருகிறவர்களால்தான் ஊரே பிழைக்கிறதாம். செப்டம்பரில் மாடுகளுக்குப் பூச்சூட்டி, மணி கட்டிக் கீழே இறக்குவார்கள் என்றுகூட எழுதினீர்கள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று மட்டும் எழுதவில்லை.

நேற்று சூரிச்சிலிருந்து அண்ணா போன் எடுத்தார். "அவர் இஞ்சையே நிண்டு அகதிக் கேஸ் போடட்டும் பிள்ளை. உங்கள் ரெண்டு பேரையும் பிறகு இஞ்சை எடுக்கலாம்" என்றார்.

"இவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை?"

அண்ணா அங்கே நல்ல மழை என்றார்.

நீங்கள் திரும்பும்வரை என்று சொல்லி, என்னுடைய பாஸ்போர்ட்டையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் முதலாளி வாங்கிப் பூட்டிவிட்டுத்தானே உங்களைக் கூட்டிப் போனார்? சாவி முதலாளியின் அம்மாவான பெரிய மேடத்தின் இடுப்பில் இருக்கிறது. இன்று சமையலறைக்கு வந்து, "உன் புருஷன் வருவான்தானே?" என்று அரபியில் கேட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செப்டம்பரில் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா